மண்ணுக்குள் புடம் போடப்படும் தங்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பழைய நகையிலிருந்து வெள்ளியைப் பிரிக்க, ஒரு பங்கு தங்கத்துக்கு மூன்று பங்கு வெள்ளி என்ற கணக்கில் சேர்த்து உருக்கினால்தான் நைட்ரிக் அமிலம் வேலை செய்கிறது. ஆனால் பாறைத் தங்கத்தைவிட ஆற்று மணல் தங்கத்துக்கு மாற்று, அதாவது சுத்தம், அதிகம் என்கிறார்களே. அங்கே வெள்ளியைப் பிரித்தது யார்?
– பட்டறை வைத்திருக்கும் பத்தர், கும்பகோணம்

உங்கள் பட்டறைக் கணக்கு இயற்கைக்கும் பொருந்தும். வெள்ளி குறைவாக இருந்தால் அதன் அணுக்களைத் தங்க அணுக்கள் சூழ்ந்து மூடிவிடும்; அமிலம் மேற்பரப்பில் சில அடுக்குகளோடு நின்றுவிடும். ஆகவே மணலில் கிடைக்கும் குருணையும் உள்வரை சுத்தமாவதில்லை. ஒன்றைக் குறுக்கே வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்தால் இது தெளிவாகத் தெரியும். நடுப்பகுதியில் பாறையில் இருந்த அதே அளவு வெள்ளி, நூற்றுக்கு 5 முதல் 20 வரை, அப்படியே இருக்கும். விளிம்பில் மட்டும் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முதல் சில பத்து மைக்ரான் வரை தடித்த ஒரு தோல். அதில் வெள்ளி ஏறக்குறைய இல்லை.

சில அணு அடுக்குகளோடு நிற்க வேண்டியது எப்படி இவ்வளவு தடித்தது? இரண்டு வழிகள் உண்டு. ஆற்றில் கல்லோடு கல்லாக உருளும்போது குருணையின் மேல்பகுதி சுத்தியலடி பட்டதுபோல் நசுங்கி, பிறகு புதுப் படிகங்களாக அடுக்கிக்கொள்கிறது. அந்தப் படிகங்களின் இடைவெளிகள் வழியாக வெள்ளி மெல்ல மெல்லக் கசிந்து வெளியேறும். இன்னொன்று, நிலத்தடி நீரில் கரைந்த தங்கமே திரும்ப வந்து குருணையின் மேல் படிவது. ஒரே ஆற்றின் குருணைகளில்கூட இரண்டும் நடந்திருக்கலாம். ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்வது சரியல்ல.

உங்கள் தொழிலுக்கு இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. உரைகல்லில் முதல் உரசல் காட்டுவது தோலின் மாற்றைத்தான். மணல் தங்கம் கைக்கு வந்தால் ஒரு பக்கத்தை அரத்தால் ராவிவிட்டு உரசுங்கள், அல்லது மொத்தத்தையும் உருக்கிவிட்டு மாற்றுப் பாருங்கள்.

கேள்வி: உப்பு நீரில் தங்கம் கரையும் என்று படித்தேன். எங்கள் உப்பளத்து மண்ணிலும் அப்படி நடக்குமா?
– உப்பளத் தொழிலாளி, வேதாரண்யம்

உப்பு மட்டும் தங்கத்தைத் தொடாது. உப்பில் உள்ள குளோரைடு, அமிலம், எலக்ட்ரானைப் பறிக்கும் ஆக்சிஜனேற்றி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர வேண்டும். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஒரு பங்கு நைட்ரிக் அமிலமும் கலந்த ராஜ திராவகம் இந்த மூன்றையும் ஒன்றாகத் தருவதால்தான் தங்கத்தைக் கரைக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட உள்பகுதியில் மண்ணுக்கடியிலேயே இது நடக்கிறது. அங்கே தங்கத்தோடு இருக்கும் பைரைட் எனும் இரும்புச் சல்பைடு, காற்றும் நீரும் பட்டுச் சிதைந்து கந்தக அமிலமாகிறது. உவர் நிலத்தடி நீர் குளோரைடைத் தருகிறது. ஆக்சிஜனேற்றியாக மாங்கனீசு ஆக்சைடும் துணைக்கு வருகிறது.

கரைந்த தங்கத்தைத் திரும்ப இறக்குவது இரும்பு. டெல்டாவில் பல ஊர்களில் கைபம்பில் தெளிவாக வரும் தண்ணீர், குடத்தில் இருந்தால் சாயங்காலத்துக்குள் செம்பழுப்பாகிவிடும். கரைந்திருந்த இரும்பு எலக்ட்ரானை இழந்து துருவாக மாறுவதுதான் காரணம். அதே இரும்பு தங்கக் குளோரைடைச் சந்தித்தால், இழக்கும் எலக்ட்ரானைத் தங்கத்துக்குக் கொடுத்து அதை உலோகமாக்கிவிடுகிறது. வெள்ளி கரைசலிலேயே தங்கிவிடுவதால், துருவின் நடுவே உண்டாகும் இந்தப் புதுத் தங்கம் மிகச் சுத்தமாக, முக்கோண, அறுகோணத் தகடுகளாகக் கிடைக்கும். சுண்ணாம்பு மிகுந்த பாறையில் அமிலம் உடனே முறிந்துவிடும். அங்கே தங்கத்தைச் சுமப்பது பைரைட் சிதைவில் பிறக்கும், கந்தகமும் ஆக்சிஜனும் சேர்ந்த தயோசல்பேட். அது வெள்ளியையும் சேர்த்தே சுமக்கும் என்பதால், படியும் தங்கத்திலும் வெள்ளி இருக்கும்.

உங்கள் உப்பளத்துக்கு அடியில் இருப்பது ஆறும் கடலும் சேர்த்துக் குவித்த வண்டலும் மணலும். கரைப்பதற்கான தங்கப் பாறை பக்கத்தில் இல்லை.

கேள்வி: தங்கக் கனிமங்கள் வெயிலிலும் மழையிலும் என்னவாக மாறுகின்றன? சுரங்கத்துக்கு அதனால் என்ன பாதிப்பு?
– நிலவியல் மாணவி, மன்னார்குடி

டெல்லூரியம் என்ற தனிமத்தோடு தங்கம் சேர்ந்த கேலவரைட் கனிமத்தில் எடைக்கு நூற்றுக்கு 43 பங்குக்கு மேல் தங்கம். ஆனால் நிறம் வெளிறிய பித்தளை. 1890களில் ஆஸ்திரேலியாவின் கால்கூர்லியில் இதை அறியாமல் சாலைக் குழிகளில் கொட்டிவிட்டு, பிறகு தோண்டி எடுத்தார்கள். இது சிதைந்தால் டெல்லூரியம் வெளியேறி, கடற்பஞ்சுபோல் துளைகள் நிறைந்த பழுப்புத் தங்கம் மிஞ்சும். அதற்குக் கடுகுத் தங்கம் என்று பெயர். பளபளப்பே இராது. ஊசியால் அழுத்தித் தேய்த்தால் மஞ்சள் வெளிவரும். மண் கட்டி என்று எறிந்துவிடக் கூடாது.

பைரைட்டுக்கும், ஆர்சனிக் கலந்த இரும்புச் சல்பைடான ஆர்சனோபைரைட்டுக்கும் உள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் தங்கம் வேறு வகை. கனிமம் துருவாகச் சிதைந்த மேல் மண்டலத்தில் அது விடுபட்டிருக்கும்; ஆலையில் தங்கத்தைக் கரைத்தெடுக்கப் பயன்படும் சயனைடு அதை எளிதில் கரைத்துவிடும். அதே சுரங்கத்தின் சிதையாத ஆழத்தில் சயனைடு அதை எட்டவே முடியாது. மேல் மண்ணை மட்டும் சோதித்து ஆலை கட்டினால், கீழே போனதும் தங்கம் கழிவோடு போய்விடும். சிதைந்தது, இடைப்பட்டது, சிதையாதது என மூன்று மண்டலங்களிலும் தனித்தனி மாதிரி எடுத்து, 75 மைக்ரானுக்கு அரைத்து, pH 10.5-க்குக் குறையாமல் சுண்ணாம்பிட்டு, சயனைடு கரைசலோடு புட்டியில் அடைத்து 24 மணி நேரம் உருட்டிப் பார்க்க வேண்டும். இடை மண்டலத்தில் செம்புக் கனிமங்கள் இருந்தால் சயனைடை அவையே விழுங்கிவிடும். செலவு அங்கேதான் எகிறும்.

மாதிரியிலும் கவனம் தேவை. குருணைத் தங்கம் இருந்தால் 30 கிராம் மட்டும் எடுத்துச் செய்யும் சோதனை ஏமாற்றும். ஒரு கிலோவாவது அரைத்துச் சலியுங்கள். தங்கம் தூளாகாமல் தட்டையாகிச் சல்லடை மேலேயே நிற்கும். மேலே நின்றதைக் கழிவென்று கொட்டாமல் முழுவதையும் தனியாக உருக்கிச் சோதிக்க வேண்டும்.

கேள்வி: காவிரி மணலில் பொன்னிறமாக மின்னுவது என்ன?
– வாசகர், திருவையாறு

அப்ரகம் (மைக்கா). கருப்பு அப்ரகமான பயோடைட் நீர்பட்டுச் சிதையும்போது பொன்னிறமாகும். ஊசியால் குத்துங்கள்: அப்ரகம் ஏடு ஏடாக உரியும், பைரைட் நொறுங்கும், தங்கம் குழியும். மெருகு பூசாத ஓட்டில் இழுத்தால் பைரைட்டின் கோடு பச்சை கலந்த கருப்பு, தங்கத்தின் கோடு மஞ்சள். தட்டில் நீர்விட்டுச் சுழற்றினால் அப்ரகம் மிதந்து ஓடிவிடும். நீரைப்போல் 19 மடங்கு அடர்த்தியுள்ள தங்கம் கருமணலுக்கும் அடியில் தங்கும். நைட்ரிக் அமிலச் சோதனையை மட்டும் வீட்டில் செய்யாதீர்கள். அதில் எழும் பழுப்புப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.