சாய்ந்த வேலியை அவசரப்பட்டுப் பிரிக்காதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் எங்கள் வீட்டைச் சுற்றி 400 அடிக்கு செயின் லிங்க் வேலி போட, அடிக்கு 300 ரூபாய் பேசி, 90,000 ரூபாய் முன்பணம் கொடுத்தோம். 10 கேஜ் கம்பி, கல்லுக்கால் 2 அடி ஆழம் என்று ஒப்பந்தக்காரர் வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பியிருந்தார். ஒரு மழைக்கே மூலைக்கால்கள் சாய்ந்துவிட்டன. இப்போது போனை எடுப்பதில்லை. பிரித்துவிட்டு வேறு ஆளிடம் கொடுக்கலாமா? நம்பகமான ஆளை எப்படிப் பார்ப்பது?

பதில்: பிரிக்காதீர்கள். உங்கள் வழக்குக்கு அந்த வேலிதான் முதல் சாட்சி. காட்டுமாடு நுழைகிறதென்றால் திறந்த இடத்தை மட்டும் முள் வைத்து அடையுங்கள்.

முதலில் கம்பியின் தடிமனை வெர்னியர் அளவுகோலில் அளந்து பாருங்கள். கேஜ் என்பது தடிமனுக்கான எண், அது கூடினால் கம்பி மெலியும். 10 கேஜ் என்றால் 3.25 மி.மீ. இருக்க வேண்டும். 2.64 காட்டினால் அது 12 கேஜ். எடையில் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சு இருந்தால் நுனியில் சுரண்டிவிட்டு உள்கம்பியை அளக்க வேண்டும், பூச்சோடு அளந்தால் ஏமாந்துவிடுவீர்கள். சாய்ந்த கால் ஒன்றின் அடியைத் தோண்டி, டேப் தெரியும்படி படம் எடுங்கள். மலையில் பாறை தட்டியதும் குழியை 1 அடியோடு நிறுத்திவிடுவதும், மூலைக்காலைச் சாய்வாகத் தாங்கும் முட்டுக்கால் கொடுக்காமல் விடுவதும், கான்கிரீட் இறுகும் முன்பே வலையை இழுத்துக் கட்டுவதும்தான் கால் சாய வழக்கமான காரணங்கள்.

அடுத்து, 15 நாள் அவகாசம் கொடுத்துப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு செய்யலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. காலக்கெடு 2 ஆண்டு. வேலியை நேரில் ஆய்வு செய்து அறிக்கை தர ஒரு வழக்கறிஞரை ஆணையராக நியமிக்கும்படி அதிலேயே கேளுங்கள். அவர் அறிக்கை தந்தபின் பிரித்துக்கொள்ளலாம். வாட்ஸ்அப் பதிவுகளை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். 2023-ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, மின்னணுப் பதிவுக்கான சான்று இணைத்தால்தான் அவை நிற்கும்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடுகிறீர்களா? அப்படியானால் ‘வணிக நோக்கம்’, நீங்கள் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதம் எடுபட்டால் உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. அங்கே பணம் திரும்பப் பெற வழக்குப் போடக் காலக்கெடு 3 ஆண்டு.

புது ஆளைப் பிடிக்கும் முன், வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்து, சர்வேயரை வைத்துப் புலப்படத்தின்படி (நில அளவை வரைபடம்) எல்லைக்கல்லை உறுதி செய்யுங்கள். வேலி பக்கத்து நிலத்தில் விழுந்தால் வழக்கு உங்கள் மேல்தான் வரும். வேலிப் பாதையில் மரம் நின்றால், 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்ட அனுமதி வேண்டும். அது இல்லாமல் ‘நானே வெட்டிக்கிறேன்’ என்பவரை வேண்டாம் என்று அனுப்பிவிடுங்கள்.

புது ஆள் இரண்டு மழைக்காலத்துக்கு முன் போட்ட வேலியை நேரில் போய்ப் பார்த்து, மூலைக்காலை அசைத்துப் பாருங்கள். கம்பியின் மி.மீ., கால் இடைவெளி, குழி ஆழம், முட்டுக்கால் எண்ணிக்கை எல்லாம் இருவரும் கையெழுத்திட்ட தாளில் வரட்டும். முன்பணம் 25 சதவீதத்துக்கு மேல் வேண்டாம். குழிகளை அளந்த பிறகு ஒரு தவணை, வலை கட்டிய பிறகு அடுத்தது, எல்லாம் வங்கி வழியாக. கடைசி 10 சதவீதத்தை வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் தருவதாக எழுதுங்கள். இதற்குச் சம்மதிக்காதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.