வாசகர் கேள்வி – பதில்: நிகழ்தகவைக் கண்ணால் காட்டுவது எப்படி?

கேள்வி: இரண்டு பகடைகளை உருட்டினால் கூடுதல் 2 முதல் 12 வரை 11 விதமாக வரும், அதனால் 7 வர நிகழ்தகவு 1/11 என்கிறார்கள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். கூறுவெளி (வரக்கூடிய எல்லா விளைவுகளின் பட்டியல்) முழுவதையும் எழுதிப் போட்டும் மாறவில்லை.
– கணித ஆசிரியை, பட்டுக்கோட்டை

பதில்: நீங்கள் எழுதிப் போட்டதுதான் சிக்கல். 36 சோடிகளையும் வரிசையாகப் பார்க்கும் பிள்ளைக்கு (3,4), (4,3) இரண்டும் ஒன்றாகவே படும். பகடை இரண்டும் ஒரே நிறம் என்றால் கேட்கவே வேண்டாம். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம் என்று வாங்குங்கள். கிடைக்காவிட்டால் ஸ்கெட்ச் பேனாவால் வண்ணம் தீட்டினால் போதும்.

சார்ட் அட்டையில் 7 செ.மீ. கட்டங்களாக 7 நிரை, 7 நிரல் வரையுங்கள். மேல் நிரையில் சிவப்பில் 1 முதல் 6, இடது நிரலில் நீலத்தில் 1 முதல் 6. மூலைக் கட்டம் காலி. மீதி 36 கட்டங்களில் கூடுதலைப் பிள்ளைகளே நிரப்ப வேண்டும். அச்சடித்த வண்ணப் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டுவதால் ஒரு பயனும் இல்லை. நிரப்பி முடித்தால் 7 மட்டும் சாய்வாக ஆறு கட்டங்களில் நிற்கும். 2, 12 இரண்டுக்கும் மூலைக்கு ஒன்றுதான். சிவப்பு 3 நீலம் 4 எங்கே, சிவப்பு 4 நீலம் 3 எங்கே என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 6/36, அதாவது 1/6, அவர்கள் வாயிலிருந்தே வரும்.

அடுத்து உருட்டிப் பார்க்கும்போதுதான் பலர் சறுக்குகிறார்கள். ஒருவர் 36 முறை உருட்டினால் 7 சரியாக ஆறு முறை விழ வேண்டும் என்பதில்லை. மூன்றும் வரலாம், பத்தும் வரலாம். உடனே ‘படம் தப்பு’ என்பார்கள். 20 பேரின் கணக்கையும் கரும்பலகையில் ஒன்றாகச் சேருங்கள். 720 உருட்டல்களில் 7 ஏறத்தாழ 120, 2 ஏறத்தாழ 20 என்று வரும். அழிப்பானையோ சாக்பீஸையோ வெட்டிச் செய்த பகடை மட்டும் வேண்டாம். பக்கங்கள் சமமாக அமையாது, சில முகங்களே அடிக்கடி விழும்.

1/11 என்று சொன்னதற்காகப் பிள்ளைகளைக் கடிந்துகொள்ளாதீர்கள். நாணயத்தை இருமுறை சுண்டினால் ஒரு தலையாவது விழ 2/3 என்று 1754-இல் பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்தில் எழுதியவர் தலாம்பேர், பெரிய கணித அறிஞர். சரியான விடை 3/4.

கேள்வி: மர வரைபடத்தில் (ஒவ்வொரு படியிலும் வரக்கூடியவற்றைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் படம்) எங்கே பெருக்க வேண்டும், எங்கே கூட்ட வேண்டும்?
– பிளஸ் ஒன் மாணவர், திண்டுக்கல்

பதில்: கிளை வழியே போகும்போது பெருக்கல், நுனிகளைச் சேர்க்கும்போது கூட்டல். காரணம் தெரிய, கட்டம் போட்ட நோட்டை எடுங்கள். பையில் 3 சிவப்பு, 2 நீலக் கோலிகள். திரும்பப் போடாமல் இரண்டு எடுக்கிறீர்கள். முதல் கோலிக்கு 5 நிரல், ஒவ்வொன்றிலும் மீதமுள்ள கோலிகளுக்கு 4 கட்டம், ஆக 20. சிவப்பில் தொடங்கும் மூன்று நிரல்களில் இரண்டிரண்டு கட்டங்கள் மறுபடி சிவப்பு. மூன்றையும் இரண்டையும் பெருக்கி 6 என்கிறோம்; அதுவே 3/5 × 2/4 = 6/20. நீல நிரல்களில் இரண்டாவதும் நீலமாவது ஒவ்வொரு கட்டம், 2/20. இரண்டும் ஒரே நிறம் என்றால் 8/20.

வழக்கமான பிழை, இரண்டாம் கிளையிலும் 3/5 என்றே எழுதுவது. எல்லா நுனிகளையும் கூட்டினால் 1 வருகிறதா என்ற சோதனை இதைப் பிடிக்காது. தவறான மரத்திலும் 1 வரும். ஒவ்வொரு கிளைப் பிரிவிலும் பையில் மிஞ்சியதை ‘சி2 நீ2’ என்று பென்சிலால் குறித்துக்கொண்டு அதன் பிறகே பின்னத்தை எழுதுங்கள்.

கேள்வி: வண்ணச் சுழலட்டையில் பாதி சிவப்பு, மீதியில் நீலமும் மஞ்சளும் சமமாக. மூன்று நிறம், ஆகவே சிவப்பு வர 1/3 என்கிறார்கள் சிறுவர்கள்.
– தன்னார்வ ஆசிரியர், காரைக்குடி

பதில்: வட்டத்தை மூன்று முறை மடித்து எட்டுத் துண்டுகளாக்கி, மடிப்புகளின் மேல் கோடு போடுங்கள். சிவப்பு 4/8 என்று எண்ணிவிடுவார்கள். மையத்தில் பென்சில் முனையை ஊன்றி, அதில் ஜெம் கிளிப்பை மாட்டிச் சுண்டினால் முள் தயார். மேசை சாய்ந்திருந்தால் கிளிப் ஒரே பக்கம் நிற்கும். இரண்டு சுற்றாவது முழுதாகச் சுற்றாத சுண்டலைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.