போர்ட்ஸ்மத்துக்குப் புதிதாக வந்த தம்பிக்கு: ஒரே சிம்பனி, வெவ்வேறு மண்டபங்கள்

அன்புள்ள தம்பி,

போர்ன்மத் சிம்பனி இசைக்குழுவின் ஒரே நிகழ்ச்சி தென் இங்கிலாந்தின் பூல், எக்ஸெட்டர், போர்ட்ஸ்மத் என்று அடுத்தடுத்த நாள்களில் அறிவிக்கப்பட்டிருப்பதைக் கண்டு, எங்கே கேட்பது நல்லது, மேற்கத்திய இசையில் பழக்கமில்லாத திருகோணமலைக்காரர் நாம் அங்கே போகலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போகலாம். முதல் தடவை உங்கள் ஊர்க் கில்ட்ஹால் மண்டபத்திலேயே கேளுங்கள்.

1893 இல் டான் கோட்ஃப்ரியின் தலைமையில் போர்ன்மத் நகரசபையின் குழுவாகத் தொடங்கிய இந்த இசைக்குழுவின் இருப்பிடம், இன்று அயலூரான பூலில் உள்ள லைட்ஹவுஸ் மண்டபம். யாழ்ப்பாணத்து நாதஸ்வர, தவில் கலைஞர்கள் திருவிழாக் காலத்தில் நம்முடைய கோயில்களுக்கு வந்து வாசிப்பதைப் போலவே, இவர்களும் தென்மேற்கு இங்கிலாந்து எங்கும் சென்று வாசிக்கிறார்கள். ஆனால் நம் மேளக்காரர் சபையைப் பார்த்து ராகத்தை நீட்டுவார், குறைப்பார். இவர்களோ எழுதியிருப்பதில் ஒரு சுரத்தையும் மாற்றுவதில்லை. மாறுவது மண்டபம்தான். ஒலிபெருக்கி இல்லாத கச்சேரியாகையால், கூரையின் உயரமும் சுவர்களும் மரத்தளமும், ஏன், கதிரைகளை நிறைத்திருப்போரின் குளிர்கால உடுப்புகளுங்கூட, ஒலியை விழுங்கவோ திருப்பி அனுப்பவோ செய்கின்றன. வாசிப்பு நின்றபின் ஒலி அடங்குவதற்கு ஏறக்குறைய 2 விநாடி எடுக்கும் மண்டபம் பெரிய சிம்பனிக்கு, அதாவது முழு இசைக்குழுவுக்கென எழுதிய நீண்ட படைப்புக்கு, வாய்ப்பானது. அதிலும் குறைந்தால் வயலின்கள் வறண்டு ஒலிக்கும், மிகக் கூடினால் விரைவான பகுதிகள் ஒன்றோடொன்று குழம்பும். ஒரே நிகழ்ச்சியை இரண்டு ஊர்களில் கேட்பது வீண்செலவன்று என்று நான் சொல்வது இதனால்தான்.

போர்ட்ஸ்மத் கில்ட்ஹால் 1941 ஜனவரியில் ஜெர்மானியக் குண்டுவீச்சில் உள்ளே முற்றாக எரிந்து, 1959 இல் மீண்டும் திறக்கப்பட்டது. (1942 ஏப்ரலில் நம் துறைமுகத்தில் ஜப்பானியர் குண்டு போட்ட கதையைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாகத் தோன்றாது.) அங்கே முன்வரிசைகளைத் தேடிப் பணம் செலவழிக்க வேண்டாம், அருகில் இருக்கும் வயலின்கள் மட்டுமே காதை நிறைக்கும். சற்றுத் தள்ளி, மேல்மாடத்தில் இருந்தால் எல்லாக் கருவிகளும் கலந்து வரும்.

உடுப்புக்குக் கட்டுப்பாடு இல்லை. கைதட்டுவதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். பெரும்பாலான சிம்பனிகளில் நான்கு பகுதிகள் உண்டு, இடையில் தட்டுவதில்லை. எண்ணிக்கொண்டிருப்பதும் எப்போதும் உதவாது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பனியில் மூன்றாம் பகுதி நிற்காமலே நான்காவதுக்குள் போய்விடும். இசைக்குழுவின் முன் நின்று கையசைத்து நடத்துபவர் கைகளைத் தாழ்த்திச் சபையை நோக்கித் திரும்பும்வரை காத்திருங்கள். தொடையில் தாளம் போடும் நம் வழக்கத்தையும் அங்கே அடக்கிக்கொள்ள வேண்டும். மெல்லிய பகுதிகளில் அது அடுத்த கதிரைக்குக் கேட்கும். பிந்திச் சென்றால், பொருத்தமான இடைவெளி வரும்வரை வெளியே நிறுத்திவைப்பார்கள்.

பிறகு பூலுக்கும் போய்க் கேட்க விரும்பினால், நுழைவுச்சீட்டு வாங்குமுன் திரும்பிவரும் கடைசிப் புகையிரதத்தின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாலை 7.30 க்குத் தொடங்கும் நிகழ்ச்சி பத்து மணிக்குக் கிட்டவும் முடியலாம்.