வாசகர் கேள்வி – பதில்: பழைய அரங்குக்குள் நுழையும்போது

கேள்வி: அண்மையில் கொழும்பு மருதானையிலுள்ள டவர் மண்டபத்தில் நாடகம் பார்த்தேன். திரை விலகுவதற்கு முன்னரே, உள்ளே காலடி வைத்ததும் மனம் அடங்கிப்போனது. புதிய மண்டபங்களில் இவ்வுணர்வு வருவதில்லையே, ஏன்?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தாங்கள் உணர்ந்தது பழைமையின் மீதுள்ள மயக்கம் மட்டும் அன்று. 1911ஆம் ஆண்டில் 'பாண்டுகாபய' என்னும் நாடகத்துடன் அம்மண்டபம் திறக்கப்பட்டபோது மேடைகளில் ஒலிவாங்கி கிடையாது. கடைசி வரிசையில் மலிவான ரிக்கெற்றுடன் அமர்ந்திருப்பவரின் காதுக்கும் நடிகரின் குரல் தன் பலத்திலேயே போய்ச் சேரவேண்டும் என்பது அக்காலத்தில் அரங்கு கட்டியவர்களின் பெருங்கவலையாக இருந்தது. பழைய அரங்குகளின் மரத்தளமும், சாந்தில் இழைத்த புடைப்பு வேலைகளும் கண்ணுக்கு அழகு தருவதோடு, குரலைச் சிதறவிட்டு மண்டபமெங்கும் இதமாகப் பரப்பும் வேலையையும் செய்கின்றன. உள்ளே நுழைந்ததும் நம் காலடியோசை நமக்கே கேட்கிறது. நாம் அறியாமலே பேச்சைத் தாழ்த்திக்கொள்கிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. மிலான் நகரில் 1778இல் திறக்கப்பட்ட லா ஸ்காலா அரங்கு குதிரை லாட வடிவில், மாடத்தின் மேல் மாடமாக அமைந்தது. அக்காலத்தில் ஆட்டம் நடக்கும்போதும் கூடத்து விளக்குகளை அணைப்பதில்லை. ஆகவே வந்தவர்கள் மேடையைப் பார்த்த அளவுக்கு எதிர் மாடத்து முகங்களையும் பார்த்தார்கள். பழைய அரங்கு என்பது மனிதர் மனிதரைப் பார்ப்பதற்கும் கட்டிய இடம்; ஆளில்லாதபோதும் அந்த எதிர்பார்ப்பு அங்கே தங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. அடுத்த முறை அரை மணி நேரம் முன்னதாகப் போய்ப் பின்வரிசையில் இருந்து பாருங்கள்.

கேள்வி: நமது பகுதியில் அப்படியொரு பழைய அரங்கக் கட்டடம் இல்லாதது குறை அல்லவா?
– வாசகர், தம்பிலுவில்

பதில்: நான் அப்படி நினைக்கவில்லை. நம் கூத்துக்குச் சுவரே தேவைப்படவில்லை. மண்ணைச் சற்று உயர்த்தி வட்டக்களரி அமைத்து, சுற்றிக் கம்பு நட்டு, மேலே வெள்ளைத்துணி கட்டினால் அன்றிரவுக்கு அதுவே அரங்கு. நடுவில் கூத்தைப் பழக்கிய ஆசானான அண்ணாவியாரின் மத்தளமும், சல்லரி எனும் கைத்தாளமும். நான்கு பக்கமும் சனம். எதிர்ப்பக்கத்தில் இருப்பவரின் முகம் விளக்கு வெளிச்சத்தில் தெரிந்துகொண்டே இருக்கும்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கூத்தைச் சுருக்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தார். 1962இன் 'கர்ணன் போர்' அவ்வழியில் வந்தது. கூத்துக்கு நாடு தழுவிய மதிப்பைத் தேடித்தந்த அம்முயற்சியை நான் பெரிதும் போற்றுகிறேன். ஆனாலும் மேடை ஒரு பக்கமும் சனம் மறுபக்கமுமாகப் பிரிந்தபோது அந்த எதிர்முகங்களை இழந்தோம். ஆகையால் அடுத்து எந்த ஊரில் அரங்கேற்றம் என்று கேட்டால் தவறாமல் போங்கள்; விடியப்புறத்தில், பாயில் உறங்கிப்போன பிள்ளைகளுக்கு அப்பால், களரியின் மறுகரையில் ஒரு கிழவி தூங்காமல் விருத்தத்தைக் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள்.