செயற்கைக்கோள் படத்தில் புகை எது, புழுதி எது, மேகம் எது?

கேள்வி இதுதான்: நாசாவின் வேர்ல்ட்வியூ தளத்தில் படம் பார்க்கும்போது சாம்பல் நிறத்தில் தெரிவதெல்லாம் காட்டுத்தீப் புகையா, புழுதிப்புயலா, மெல்லிய மேகமா என்று பிடிபடவில்லை, அது நம் பக்கம் வருமா என்று இதை வைத்தே சொல்லிவிட முடியுமா?

பிரித்தறிய முடியும், ஆனால் ஒரே ஒரு படத்தை வைத்துக்கொண்டு முடியாது. அந்தத் தளத்தில் முதலில் கண்ணில் படும் அழகான படங்கள் துருவப் பாதையில் சுற்றும் செயற்கைக்கோள்கள் எடுத்தவை. அவற்றில் ஒன்றான சுவோமி என்பிபி ஓர் இடத்தைப் பகலில் சுமார் ஒன்றரை மணிக்குக் கடக்கும். அடுத்த பகல் படத்துக்கு மறுநாள்தான். அதனால் நான் முதலில் திறப்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் ஒரே பக்கத்தைப் பார்த்தபடி நிற்கும் அமெரிக்காவின் கோஸ், ஜப்பானின் ஹிமாவாரி போன்ற வானிலைச் செயற்கைக்கோள்களின் படங்களை. பத்து நிமிடத்துக்கு ஒன்று வரும். சில மணி நேரப் படங்களை வரிசையாக ஓடவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். புகைக்கு ஒரு வேர் இருக்கும்: ஒரு புள்ளியில் கிளம்பி, காற்றுப் போகும் திசையில் விசிறியாக விரியும். புழுதி பெரும்பாலும் வறண்ட ஏரிப்படுகை, மணல்வெளி போன்ற அகலமான பரப்பிலிருந்து பல இழைகளாக ஒரே நேரத்தில் எழும். மேகம் இருந்த இடத்திலேயே உருவாகும், கரையும்.

அப்புறம், பார்க்கும் நேரம். நண்பகலில் மெல்லிய புகை கண்ணுக்கே தெரியாது. காலையிலும் மாலையிலும் அதே புகை பளிச்சென்று எழுந்து நிற்கும். நுண்துகள்கள் ஒளியைப் பின்னால் திருப்பி அனுப்புவதைவிட, அது போகும் திசையிலேயே அதிகம் சிதறடிக்கின்றன. மாலையில் சூரியனை நோக்கி வண்டி ஓட்டும்போதுதான் முன்கண்ணாடியின் தூசு அத்தனையும் தெரியும், இல்லையா? அதேதான்: சூரியனுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும் செயற்கைக்கோளுக்குப் புகை பளிச்சிடும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் எழும் புகையைக் கிழக்கே நிற்கும் கோஸ் மாலையிலும், மேற்கே நிற்கும் கோஸ் காலையிலும் நன்றாகக் காட்டும். நண்பகல் படத்தைப் பார்த்துவிட்டு வானம் சுத்தமாகிவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் நிறைய. தயவுசெய்து மாலைப் படத்தையும் பார்த்துவிடுங்கள்.

புழுதிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கடலுக்கு மேலே வந்துவிட்டால் நன்றாகத் தெரியும். 2020 ஜூனில் சஹாராவிலிருந்து கிளம்பி அட்லாண்டிக்கைத் தாண்டிக் கரீபியன் வரை போன பிரம்மாண்டமான புழுதிப் படலத்தைச் சாதாரண வண்ணப் படத்திலேயே எல்லாரும் பார்த்தார்கள். ஆனால் பாலைவனத்துக்கு மேலேயே இருக்கும்போது மண்ணும் புழுதியும் ஒரே நிறம். அங்கே கைகொடுப்பது வெப்ப அகச்சிவப்பு, அதாவது சூட்டினால் பொருள்கள் வெளிவிடும், கண்ணுக்குத் தெரியாத ஒளி. மண் துகள்களில் இருக்கும் சிலிக்கேட் கனிமங்கள் 12 மைக்ரானைவிட (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) 11 மைக்ரானுக்குச் சற்றுக் குறைவான அலைநீளத்தில் அதிகம் உறிஞ்சுகின்றன. மெல்லிய உயர்மேகத்தின் பனிப்படிகங்கள் இதற்கு நேர் எதிர். இந்த வித்தியாசத்தையும், 8.7 மைக்ரானை ஒட்டிய அளவையும் சேர்த்து நிறம் கொடுத்ததுதான் ‘டஸ்ட் ஆர்ஜிபி’ என்கிற படம். ஐரோப்பாவின் மெட்டியோசாட் செயற்கைக்கோள் படங்களுக்காக உருவான முறை இது. இன்று கோஸ், ஹிமாவாரிப் படங்களிலும் கிடைக்கிறது. இதில் புழுதி ரோஜாவும் ஊதாவும் கலந்த நிறத்தில் ஓடும், மெல்லிய உயர்மேகம் கறுப்பாகத் தெரியும். வெப்ப அலை என்பதால் இரவிலும் தொடர்ந்து பார்க்கலாம். மேலே தடித்த மேகம் மூடியிருந்தால் மட்டும் ஒன்றும் தெரியாது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தாலும் நிறம் மங்கிவிடும்.

புகைக்கு இந்த வித்தை பலிக்காது. புகைத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. பத்துப் பன்னிரண்டு மைக்ரான் அலை அவற்றைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். ஆகவே வண்ணப் படத்தில் அடர்த்தியாகத் தெரியும் ஒரு படலம் வெப்ப அகச்சிவப்பில் காணாமல் போனால், அது புகை என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். இருட்டியதும் அந்தப் படலம் நம் கையைவிட்டுப் போய்விடும். நிலவொளி நன்றாக இருக்கும் இரவுகளில் சுவோமி என்பிபியில் உள்ள விர்ஸ் கருவியின் இரவுப் படம் கொஞ்சம் காட்டும், அவ்வளவுதான்.

தீ எங்கே எரிகிறது என்பதற்கு நாசாவின் ஃபிர்ம்ஸ் வரைபடம் இருக்கிறது. அதிலுள்ள சிவப்புப் புள்ளியைத் தீயின் அளவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். விர்ஸ் புள்ளி ஒன்று சுமார் 375 மீட்டர் சதுரம். அதற்குள் எங்கோ நல்ல சூடு இருக்கிறது என்று மட்டுமே பொருள். எரிவாயு எரியும் குழாயும் அப்படித்தான் தெரியும். புள்ளி இல்லாவிட்டால் தீ இல்லை என்றும் ஆகாது: மேகம் மறைத்திருக்கலாம், செயற்கைக்கோள் கடந்து போன பிறகு பற்ற வைத்திருக்கலாம். பஞ்சாபில் நெல் அறுத்த தாளை மாலை நெருங்கும் நேரத்தில் கொளுத்தும்போது, பகல் ஒன்றரை மணிக்குக் கடந்துவிட்ட செயற்கைக்கோளின் கணக்கில் அது விழுவதே இல்லை.

இனி, நம் பக்கம் வருமா என்பது. இங்கேதான் நான் கண்டிப்பாக இருப்பேன். படம் காட்டுவது தரையிலிருந்து உச்சிவரை உள்ள மொத்தத் துகள்களை. நம் மூக்கு இருக்கும் உயரத்தில் எவ்வளவு என்பதை அல்ல. 2020 செப்டம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடுப்பகலிலேயே வானம் ஆரஞ்சாக இருண்டது. புகை கடல்மூடுபனிக்கு மேலே தங்கியிருந்ததால் அன்று தரையில் காற்று அந்த நிறம் பயமுறுத்திய அளவுக்கு மோசமில்லை. அடுத்தடுத்த நாள்களில் புகை கீழே இறங்கியதும்தான் மோசமானது. 2023 ஜூன் 7 அன்று கனடாவின் கியூபெக் காட்டுத்தீப் புகை நியூயார்க்கில் தரைமட்டத்திலேயே வந்து நின்றது. மேலிருந்து பார்த்தால் இரண்டுமே அடர்ந்த புகைதான்.

ஆஸ்துமா உள்ளவரோ குழந்தையோ வீட்டில் இருந்தால், ஜன்னலை மூடுவதா வேண்டாமா என்பதை அருகிலுள்ள பிஎம் 2.5 (2.5 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள நுண்துகள்) அளவுமானியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எவ்வளவு நேரம் கைவசம் இருக்கிறது என்று கணிக்கத்தான் படம்: படலத்தின் முன்விளிம்பு இரண்டு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று அளந்து, மீதித் தூரத்துக்குக் கணக்குப் போடுங்கள். காற்றின் திசை மாறுமா என்பதற்கு ஐரோப்பாவின் கோப்பர்னிகஸ் வளிமண்டலச் சேவை தரும் துகள் முன்னறிவிப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மேகம் குறுக்கிட்டால் ஐரோப்பாவின் சென்டினல்-5பி செயற்கைக்கோள் தரும் புற ஊதா ஏரோசால் (காற்றில் மிதக்கும் துகள்) குறியீட்டைப் பாருங்கள். ஒளியை உறிஞ்சும் புகையும் புழுதியும் மேகத்துக்கு மேலே இருந்தாலும் அதில் தெரியும். நாளுக்கு ஒரு முறைதான் வரும் என்பதால், படத்தில் அது எடுத்த நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.