யானைப் பற்பசை: மருந்துக்கடை பாட்டில் போதுமா?

கேள்வி: ஏழாம் வகுப்பு படிக்கும் மகள், பள்ளி அறிவியல் கண்காட்சியில் ‘யானைப் பற்பசை’ செய்துகாட்ட ஆசைப்படுகிறாள். வீடியோவில் நுரை கூரை வரை பீறிடுகிறது. மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடில் அப்படி வருமா? ஆபத்து உண்டா?

பதில்: கூரை வரை வராது, வரவும் வேண்டாம். அந்த வீடியோக்களில் இருப்பது 30 சதவீதமோ அதற்கு மேலோ செறிவுள்ள பெராக்சைடு. அது தண்ணீராகவும் ஆக்ஸிஜனாகவும் சிதையும்போது, தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடு கிளம்பும். நுரைக்கு மேலே புகைபோல எழுவது நீராவி. அந்தப் பெராக்சைடு தோலில் பட்டால் அந்த இடம் வெளுத்து எரியும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பள்ளி ஆய்வகத்தில் இருந்தாலும் கேட்டு வாங்காதீர்கள்.

நம் ஊர் மருந்துக்கடையில் பெரும்பாலும் கிடைப்பது 6 சதவீதம்; பாட்டிலில் ‘20 வால்யூம்’ என்றும் போட்டிருக்கும். ஒரு மில்லி கரைசல் 20 மில்லி ஆக்ஸிஜன் தரும் என்று பொருள். ஆக, 100 மில்லியில் 2 லிட்டர் வாயு. அரை லிட்டர் பாட்டிலிலிருந்து நுரை பொங்கி வழிய இது தாராளம். 3 சதவீதம்தான் கிடைத்தால் வாயு பாதிதான் வரும்; அரை லிட்டருக்குப் பதில் 250 மில்லி பாட்டிலில் செய்யுங்கள்.

குறுகிய வாயுள்ள பிளாஸ்டிக் பாட்டிலை அகலமான தொட்டிக்குள் நிறுத்தி, 100 மில்லி பெராக்சைடு, ஒரு மேசைக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம், சில சொட்டு கலர் சேருங்கள். தனிக் கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டை மூன்று மேசைக்கரண்டி வெதுவெதுப்பான நீரில் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். புனல் வைத்து ஒரே மூச்சில் ஊற்றி, புனலை எடுத்துவிட்டு இரண்டடி பின்னால் வந்துவிட வேண்டும். ஊற்றுவது பெரியவராக இருக்கட்டும்.

நுரை மந்தமாக வந்தால் முதலில் ஈஸ்ட்டைச் சந்தேகியுங்கள். பலரும் ‘வெதுவெதுப்பு’ என்று கொதிநீரையே ஊற்றிவிடுவார்கள். ஈஸ்ட்டில் இருந்து பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அந்தச் சூட்டில் கெட்டுவிடும். நீர் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். அடுத்த சந்தேகம், திறந்து பல மாதமான பெராக்சைடு. அதற்காக அதைக் காய்ச்சிச் செறிவாக்கப் பார்க்காதீர்கள், அது வெடிக்கக்கூடிய வேலை. ஈஸ்ட்டுக்குப் பதிலாகப் பெர்மாங்கனேட்டும் வேண்டாம். வேகம் கட்டுக்குள் நிற்காது, கறையும் போகாது.

நுரையில் சிதையாத பெராக்சைடு கொஞ்சம் இருக்கும், சூடும் இருக்கும். கூட்டத்தில் குழந்தைகள் நுரைக்குள் கையை விடத்தான் வருவார்கள், ஆகவே மேசைக்கு முன்னால் கயிறு கட்டுங்கள். மகளுக்குக் கையுறையும் பக்கவாட்டு மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம். கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவி மருத்துவரிடம் போங்கள். வெளிவருவது ஆக்ஸிஜன் என்பதால் குத்துவிளக்கு, ஊதுபத்தி எதுவும் அருகே கூடாது.

வினை நடக்கும் பாட்டிலை யாரும் விளையாட்டாகக்கூட மூடிவிடக் கூடாது; அழுத்தத்தில் வெடிக்கும். நுரை அடங்கியதும் நிறையத் தண்ணீர்விட்டுச் சாக்கடையில் ஊற்றலாம். அளந்து மிஞ்சிய பெராக்சைடையும் அப்படியே கொட்டிவிடுங்கள். மருந்து பாட்டிலில் திருப்பி ஊற்றினால், துளி ஈஸ்ட் கலந்திருந்தாலும் அலமாரிக்குள் மூடி தெறிக்கும்.