ரீசெட் அழுத்தினால் ஒருமுறை சரி, மறுமுறை கோளாறு: எல்சிடி ஏன் குழம்புகிறது?

கேள்வி: திசையன்விளை அருகே எங்கள் தென்னந்தோப்புக் கிணற்றின் நீர்மட்டத்தைக் காட்ட, ஏடிமெகா 32 மைக்ரோகண்ட்ரோலருடன் (புரோகிராம் ஓடும் சிப்) 16×2 எல்சிடியை (வரிக்கு 16 எழுத்தாக இரு வரி காட்டும் திரை), நான்கு டேட்டா வயர் மட்டும் கொண்ட 4-பிட் முறையில் இணைத்துள்ளேன். மோட்டாரைப் போடும்போது சில வேளைகளில் எழுத்துகள் ஜப்பானிய எழுத்தைப் போல மாறிவிடுகின்றன. ரீசெட் அழுத்தினால் சரியாகிறது. மீண்டும் அழுத்தினால் கெடுகிறது. கரண்டை நிறுத்திப் போட்டால் ஒழுங்காக வருகிறது. வேறு எல்சிடி மாற்றியும் பயனில்லை. தவறு கோடிலா (புரோகிராமிலா), வயரிங்கிலா?

பதில்: இரண்டிலும் இருக்கலாம்; ஆனால் ரீசெட்டுக்கு ஒருமுறை மாறி மாறி வருவது கோடின் தவறுதான்.

4-பிட் முறையில் ஒவ்வொரு பைட்டும் (8 பிட்) மேல்பாதி, கீழ்பாதி என இரு துண்டாகப் போகிறது. எந்தத் துண்டு எது என்பதை எல்சிடியிலுள்ள எச்டி44780 வகைச் சிப், ‘இப்போது படி’ என்று சொல்லும் எனேபிள் பின்னில் வரும் துடிப்புகளின் வரிசையைக் கொண்டு மட்டுமே அறிகிறது. கரண்ட் வந்ததும் அது 8-பிட் முறையில் விழிப்பதால், உங்கள் கோடு முதலில் அனுப்பும் ஒற்றை 2 முழுக் கட்டளையாகி, அதை 4-பிட்டுக்கு மாற்றுகிறது. ரீசெட் அழுத்தும்போதோ மைக்ரோகண்ட்ரோலர் மட்டுமே புதிதாகத் தொடங்குகிறது. எல்சிடி 4-பிட்டிலேயே நிற்கிறது. அந்த 2 இப்போது வெறும் மேல்பாதியாக எண்ணப்பட, அடுத்து வரும் ஹெக்ஸ் (பதினாறடிமான) 28 என்ற கட்டளையின் 2 அதனோடு சேர, 8 அதற்கடுத்த கட்டளையோடு சேர, எல்லாம் ஒரு துண்டு தள்ளிப்போகின்றன. அடுத்த ரீசெட்டில், தொங்கிக்கொண்டிருந்த பாதியை இந்த 2 நிறைவு செய்வதால் வரிசை தானாகச் சரியாகிவிடுகிறது. பரவலாகக் கிடைக்கும் எல்சிடிகளில் எழுத்துக் குறியெண்களின் மேல்பகுதிக்கு ஜப்பானியக் கத்தகானா எழுத்துகளே பதிந்திருப்பதால்தான் அந்தத் தோற்றம்.

ஆகவே தொடக்கத்தில் 50 மில்லிசெகண்ட் காத்திருந்து, வருவது கட்டளையா எழுத்தா என்று காட்டும் ஆர்எஸ் பின்னைத் தாழ்வாக (0 வோல்ட்) வைத்து, ஒற்றைத் துடிப்பில் 3 அனுப்பி 5 மில்லிசெகண்ட் பொறுத்து, மீண்டும் 3 அனுப்பி 150 மைக்ரோசெகண்ட் பொறுத்து, மூன்றாவது 3-க்குப் பின்னும் அவ்வளவே பொறுத்து, 2 அனுப்புங்கள். எல்சிடி எந்த நிலையில் இருந்தாலும் மூன்று 3-க்குள் 8-பிட்டுக்குத் திரும்பிவிடும். பிறகே 28 முதலான கட்டளைகள். திரையை அழிக்கும் 01-க்குப் பின் 2 மில்லிசெகண்ட் இடைவெளி தேவை.

இனி மோட்டார். கோடிலுள்ள மெயின் பகுதியின் தொடக்கத்தில் ஓர் எல்இடியை மூன்று முறை மின்னச் செய்யுங்கள். மோட்டாரைப் போட்டதும் அது மின்னினால், மைக்ரோகண்ட்ரோலர் ரீசெட் ஆகிறது, பெரும்பாலும் மின்னழுத்தம் தாழ்வதால், என்று பொருள்; மும்முனை மின்சாரம் வந்ததும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் மோட்டாரைப் போடுவார்கள் என்பதால் இது எதிர்பார்க்கத்தக்கதே. நல்ல அடாப்டரும், 5 வோல்ட் வரியில் பெரிய கெபாசிட்டரும், 4.0 வோல்ட் பிரவுன்-அவுட் ஃபியூஸும் (மின்னழுத்தம் அதற்குக் கீழே போனால் சிப்பை ரீசெட்டில் நிறுத்திவைக்கும், சிப்புக்குள்ளேயே உள்ள அமைப்பு) போதும்.

எல்இடி மின்னாமல் எழுத்து மட்டும் கெட்டால், எனேபிள் வயரில் இரைச்சல் புகுந்து போலித் துடிப்பை உண்டாக்குகிறது. எல்சிடி வயரை ஒரு சாண் நீளத்துக்குள் வையுங்கள். திரை வீட்டுக்குள் வேண்டுமென்றால் மைக்ரோகண்ட்ரோலரையும் உடன் கொண்டுபோய், சென்சார் வயரை மட்டும் நீட்டுங்கள். எழுதுவதா படிப்பதா என்று தேரும் ஆர்டபிள்யூ பின் கிரவுண்டிலும், எல்சிடியின் மின்பின்களுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் இருக்கட்டும். மோட்டாரைப் போட்டு நிறுத்தும் ஏசி காண்டாக்டரின் காயிலுக்குக் குறுக்கே, காயிலின் மின்னழுத்தத்துக்கு ஏற்ற ஆர்சி ஸ்னப்பரை (இரைச்சலை அடக்கும் ரெசிஸ்டர்-கெபாசிட்டர் இணை) எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். அங்கே டயோடு போடவே கூடாது, அது டிசி காயிலுக்கு மட்டுமே உரியது. எவ்வளவு செய்தாலும் எப்போதாவது துடிப்பு தப்பி வரலாம் என்பதால், மேற்கண்ட தொடக்க வரிசையை நிமிடத்துக்கு ஒருமுறை மீண்டும் ஓடவிட்டு இரு வரிகளையும் புதிதாக எழுதுங்கள். 01-ஐ மட்டும் விட்டுவிட்டால் திரை சிமிட்டாது.

முதலில் கோடைத் திருத்தி, மோட்டாரைத் தொடாமல், ரீசெட்டைப் பத்துமுறை அழுத்திப் பாருங்கள். பத்திலும் எழுத்து சரியாக நின்ற பிறகே வயரிங்கில் கை வையுங்கள்.